அலுமாரிக் கதவில் ஒட்டிய அட்டை யாருடையது

பலெர்மோ,
செவ்வாய்க்கிழமை.

நியூ ஜேர்சியில் இருக்கும் அன்பு அண்ணா உமாசுதனுக்கு, தங்கை கிருசாந்தினி பணிவோடு எழுதுவது. இங்கே நானும் இவரும் ஜெனனியும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் மச்சாளும் விதுரனும் எங்களைவிடச் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டிக்கொள்கிறேன். தொலைபேசி இருக்க இவள் ஏன் கடிதம் எழுதி, அதை ஜெனனியைக் கொண்டு போனில் படம் எடுத்து அனுப்புகிறாள் என்று யோசிப்பீர்கள். தொலைபேசியில் நீங்கள் "சரிதானே பிள்ளை?" என்பீர்கள், நான் "ஓம் அண்ணா" என்பேன். இந்த வில்லங்கம் முழுவதும் அப்படிச் சொன்ன ஓர் ஓமில்தான் தொடங்கியது.

அண்ணன் என்ற உரிமையில் அமெரிக்காவுக்குக் கூப்பிட்டால் பதினைந்து வருடம் செல்லும், அசாதாரணத் திறமை உள்ளவள் என்று விண்ணப்பித்தால் சீக்கிரம் வரலாம் என்று நீங்கள் சொன்னபோது, யாருக்குத் திறமை என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பிறகு நீங்கள் பிடித்துத் தந்த லோயர் கிறிகோரி வீடியோவில் வந்து, உங்கள் தொழிலில் முன்பு யாரும் செய்யாத, மற்றவர்கள் பின்பற்றுகிற எதைச் செய்தீர்கள் என்று கேட்டார். பதினேழு வருடமாக இங்கே வயோதிபர்களைப் பராமரிக்கிறேன். நன்றாக யோசித்துவிட்டு, ஒருநாளும் வேலைக்குப் பிந்திப் போனதில்லை என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த இவர்தான் "அந்த அட்டையைச் சொல்லுமன்" என்று என் காலை மிதித்தார். சொன்னேன். நான் இப்போது பராமரிக்கும் சிஞ்ஞோரா நுன்சியாவுக்கு எண்பத்தேழு வயது, ஞாபகம் தளர்ந்துவிட்டது. அவவுடைய குசினி அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில், அடுத்து வேலைக்கு வருகிறவளுக்காக ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. மருந்துக்கு வேறு தாள் இருக்கிறது. இதில் எழுதியிருப்பது வேறு. கணவரின் பெயர் தானோ, அவர் செத்துப் பதினொரு வருடம், ஆனால் சிஞ்ஞோரா கேட்டால் மீன் வாங்கப் போயிருக்கிறார். தங்கையோடு காலையில் கோபம், மத்தியானத்துக்குப் பிறகு சமாதானம். குளிக்க வாங்கோ என்றால் அடிப்பா. தேவாலயப் பூசைக்கு வெளிக்கிடுவோம் என்றால் தானாக எழும்பி வருவா. அவ்வளவுதான். அதைப் பார்த்து மற்றவர்களும் எழுதத் தொடங்கி, தமிழ்ப் பெண்கள், மொரீசியஸ் பெண்கள், பிலிப்பைன்ஸ் பெண்கள் என்று இப்போது நாற்பது வீட்டு அலுமாரிகளில் அப்படி அட்டை இருக்கிறது; பராமரிப்பாளர் வகுப்பு ஒன்றிலும் காட்டுகிறார்களாம். லோயர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அதற்குக் "கிருசாந்தினி முறை" என்று பெயரும் வைத்தார். அன்றிலிருந்து இவர், ஸ்ஃபெர்ராகவால்லோவில் உணவகக் குசினியில் நாள் முழுக்க மட்டி கழுவிவிட்டு வந்து, "கிருசாந்தினி முறைப்படி கொஞ்சம் சோறு போடுமன்" என்கிறார்.

பிறகு சாட்சிக் கடிதங்கள். முதலில் சிஞ்ஞோராவின் மகளிடம் கேட்டேன். சந்தோஷமாக எழுதித் தந்தா: நேர்மையானவள், சுத்தமானவள், வீட்டில் இதுவரை ஒன்றும் காணாமல் போனதில்லை. இந்த ஊரில் எங்களைப் பற்றி இதற்கு மேல் யாரும் எழுதமாட்டார்கள். எனக்கே அது பெரிய புகழ்ச்சியாகத்தான் பட்டது. களவெடுக்காமல் இருப்பது அசாதாரணத் திறமையில் சேராது என்று லோயர் மறுமொழி அனுப்பினார். உறவினர் அல்லாத, மதிப்புள்ள ஒருவர் எழுத வேண்டுமாம். பலெர்மோத் தமிழரில் உறவில்லாத ஒருவரைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் எடுத்தது. கடைசியில் அம்பலவாணர் அகப்பட்டார். இங்கே யார் செத்தாலும் முப்பத்தோராம் நாளுக்கு நினைவுமலர் எழுதுகிறவர் அவர்தான். கேட்ட மறுநாளே தந்துவிட்டார். மேலே படத்துக்கு ஒரு கட்டம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. "வந்தாரை முகம் கோணாது உபசரித்து, பிறர் துயரைத் தன் துயராய்ச் சுமந்து, அன்பின் வடிவாய் வாழ்ந்த கிருசாந்தினி" என்று தொடங்கி, ஈடுசெய்ய முடியாத இழப்பில் முடிந்திருந்தது. பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில் ஜெனனி அதை வாசிக்காமலே போனில் போட்டு ஆங்கிலமாக்கி அனுப்பிவிட்டாள். லோயர் இவருக்கு அனுதாபம் தெரிவித்து எழுதினார். மனுதாரர் காலமானால் மனுவும் அத்தோடு முடிந்துவிடும் என்பதையும் வருத்தத்தோடு சேர்த்திருந்தார்.

நான் அம்பலவாணரிடம் ஓடினேன். "ஐயா, நான் இன்னும் இருக்கிறனெல்லோ?"

"தெரியும் பிள்ளை. ஆனா உயிரோட இருக்கிற ஆக்களைப் புகழ்ந்து நான் ஒருநாளும் எழுதேல்லை. கை ஓடுதில்லை. வேணுமெண்டா அந்தக் கடைசி வரியை வெட்டிவிடுவம்."

சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் திரும்பி வரும்போது அந்தத் தாளைப் பேருந்தில் மூன்று தரம் வாசித்தேன், இறங்க வேண்டிய இடத்தையும் விட்டுவிட்டேன். தாவரவியலில் பட்டம் எடுத்தபோதுகூட என்னை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. எனக்கு அமெரிக்கா அவ்வளவு பெரிதில்லை என்பது அன்றுதான் விளங்கியது. யாராவது ஒருவர் என்னைக் கெட்டிக்காரி என்று எழுதி, அதற்குக் கீழே முத்திரை குத்த வேண்டும். நாற்பத்தாறு வயதில் எனக்கு வேண்டியிருந்தது அது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அந்த ஆசையில்தான் இவெத்தின் கடிதத்தை எழுதினேன். இவெத் மொரீசியஸ்காரி, சிஞ்ஞோரா வீட்டில் காலையில் அவள், பின்னேரம் நான். அட்டையைத் தொடக்கத்திலிருந்து கண்ட சாட்சி வேண்டும் என்று லோயர் கேட்டார். நாமே எழுதிக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கலாம், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்றும் சொன்னார். அதனால் இவெத்தாக நான் இருந்து என்னைப் புகழ்ந்தேன். "இத்தனை வருட அனுபவத்தில் இப்படியொரு சிந்தனையை நான் கண்டதில்லை" என்று எழுதினேன். பிறகு அது போதாது என்று "சிந்தனை"க்கு முன்னால் "அபூர்வமான" என்று சேர்த்தேன். அண்ணா, அந்தச் சிந்தனை இவெத்தினுடையது. நான் அந்த வீட்டுக்குப் போய் மூன்றாம் நாள், கணவர் தானோ எங்கே என்று சிஞ்ஞோரா கேட்க, நேர்மையானவள் அல்லவா, செத்துப்போனார் என்று சொல்லிவிட்டேன். அவ அன்றுதான் விதவையானவபோல் பின்னேரம் முழுக்க அழுதா. மறுநாள் இவெத் என்னைக் குசினிக்குள் இழுத்துப் பேசினாள். "பட்டம் படிச்சனியாம். மூளையை எங்கை வைச்சிட்டு வந்தனீ?" என்று கேட்டுவிட்டு, பாஸ்தாப் பெட்டியின் மட்டையைக் கிழித்து, ஒரு தொப்பியும் ஒரு மீனும் கீறிக் கதவில் ஒட்டினாள். அவளுக்கு இத்தாலியன் எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் பங்களிப்பு நல்ல கையெழுத்து, அவ்வளவுதான்.

போன வியாழன் அவளிடம் கடிதத்தை நீட்டும்போது நான் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வாசிக்கவும் இல்லை. சலவை மெஷினின் மேலே வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அங்கை சரியான குளிராமே, நல்ல சப்பாத்து வாங்கு" என்றாள். ஐந்து நாளாக அந்தக் கடிதம் என் கைப்பையில் கிடக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை மனுவோடு போக வேண்டிய கடைசித் தாள் அதுதான். அதை அனுப்பமாட்டேன் அண்ணா. மனுவும் வேண்டாம் என்று லோயரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இன்னொருத்தியின் புத்தியைக் காட்டி உள்ளே வந்தால் உங்கள் வீட்டுச் சாப்பாடு எனக்கு இறங்காது. இவெத்திடமும் இன்று போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ளப் போகிறேன். இவ்வளவு பாடுபட்ட உங்களைத் தலைகுனிய வைத்ததற்கு மன்னியுங்கள்.

மச்சாளுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள். விதுரனை வைரவர் காக்கட்டும். உங்களிடம் ஆசீர்வாதம் கேட்கும் முகம் இன்றைக்கு எனக்கில்லை. தூரத்தில் நின்று கும்பிடுகிறேன்.

இப்படிக்கு,
வெட்கத்தோடு,
தங்கை கிருசாந்தினி

பி.கு.: இதை இவெத்தின் குசினியிலிருந்து எழுதுகிறேன். சொன்னேன் அண்ணா, அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழும்பி உள்ளே போய்க் கடதாசிக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்தாள். கனடாவில் இருக்கும் தங்கை எமிலி இவளையும் அங்கே கூப்பிடப் பார்க்கிறாளாம். கோப்பில் அவளுடைய மகன் கியோம் என் பெயரில் எழுதிய ஒரு சாட்சிக் கடிதம்: அந்த அட்டை முற்றுமுழுதாக இவெத் ஒருத்தியின் கண்டுபிடிப்பு, அவளுடன் வேலை செய்யும் எனக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. கீழே என் கையெழுத்து. மாசி மாதம் அவள் நீட்ட, அவளுடைய வீட்டு வாடகைக் கடிதம் என்று நினைத்துப் போட்டேன், நானும் வாசிக்கவில்லை. இவெத் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அதெப்பிடி? எழுதினது நானெல்லோ! நான் இல்லாட்டி அது ஒரு தொப்பியும் மீனும்தானே!" என்று கத்திவிட்டேன். அவளும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். மேலே அவ்வளவு தாராளமாக அவளுக்குக் கொடுத்ததை, அவளாக எடுத்துக்கொண்டதும் அரை நிமிடம் பொறுக்க என்னால் முடியவில்லை. ஆகவே லோயரிடம் இன்னும் ஒன்றும் சொல்ல வேண்டாம், வெள்ளி வரை பொறுங்கள். அவளும் தன்னுடையதை இன்னும் அனுப்பவில்லையாம். இரண்டு கடிதங்களும் மேசையில் இருக்கின்றன. யார் முதலில் கிழிப்பது என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு இருக்கிறோம்.