காதை மூடும் மாடல்

கதவுக்கு அடியில் வந்து விழுந்த சீட்டை சூப்பர்வைசரம்மா இரண்டு தரம் படித்தாள். கீழ் வீட்டில் இருக்கும் ஓனர் எழுதியது. 'உங்கள் வீட்டுச் சத்தம் தாங்க முடியவில்லை. இப்படியே போனால் மாதக் கடைசியில் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.'

அறுபது தையல் மெஷின் ஒன்றாக ஓடும் கம்பெனியில் அவள் சூப்பர்வைசர். அங்கே அவள் சொன்னால் சொன்னதுதான். வீட்டில்தான் இப்படி ஒரு ஜென்மம் வாய்த்திருந்தது. கணவருக்கு வாட்ச் ரிப்பேர் தொழில். வாயைத் திறக்க மாட்டார், ஸ்பீக்கரை மூட மாட்டார்.

"மூணு வருஷத்துல இது நாலாவது வீடு," என்று தன்மையாகத்தான் எடுத்துச் சொன்னாள். "இங்கேருந்து கம்பெனிக்குப் பத்து நிமிஷ நடை. இதையும் விட்டுட்டுப் பீரோவைத் தூக்கிக்கிட்டு அலைய என்னால முடியாதுங்க."

"ஹெட்போன் வாங்கிக் குடு. மாட்டிக்கறேன்."

நடைபாதைக் கடையில் இருப்பதிலேயே மலிவாக ஒரு இயர்போன் வாங்கி வந்தாள். அவர் ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"வயலினைத் தகர டப்பாவுல போட்டு மூடின மாதிரி இருக்கே."

"வீடு முக்கியமா, வயலின் முக்கியமா?"

"விநாடி முள் தடுக்கறதைக் காதாலயே கண்டுபிடிக்கிறவன் நான். எனக்கு உறுத்தும்."

"அந்தக் காதுக்கு நான் சொல்றது மட்டும் எட்டாது. பேசாம மாட்டுங்க."

மாட்டினார். ஸ்பீக்கர் பரணுக்குப் போனது. வீட்டில் அப்படி ஓர் அமைதி. எதைச் சொன்னாலும் அவர் "ஆங்?" என்பதால் இரண்டாம் தரம் சொல்ல வேண்டியிருந்தது. அதை அவள் பெரிதுபடுத்தவில்லை.

மூன்றாம் நாள் அடுத்த சீட்டு. 'சத்தம் முன்னைவிட அதிகமாகிவிட்டது.'

காதுக்குள் செருகிய பிறகும் கீழே கேட்கிறதென்றால், இயர்போன் ஒழுகுகிறது. வேறென்ன? மலிவுச் சாமான் புத்தியைக் காட்டிவிட்டது. இந்த முறை கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைக்கே போனாள். அங்கிருந்த விற்பனையாளன் கழுத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டு, ராக்கெட் விற்கிறவன் தோரணையில் நின்றான்.

"பட்ஜெட் எவ்வளவு மேடம்?"

"வீடு மாத்துற செலவை விடக் கம்மியா இருந்தா சரி."

"சாருக்கு எந்த மாதிரி பாட்டு பிடிக்கும்? பேஸ் தூக்கலா வேணுமா, குரல் தெளிவா வேணுமா?"

"அழுகைப் பாட்டு. யாரோ யாரையோ விட்டுட்டுப் போயிருப்பாங்க. அதுக்கு ஆறு நிமிஷம் அழுவாங்க. வெளிய ஒரு பொட்டு கேக்கக் கூடாது."

"அப்ப காதை முழுசா மூடற மாடல் எடுத்துக்குங்க."

இரண்டு சோப்பு டப்பாவைக் கவிழ்த்துவைத்த மாதிரி இருந்தது அது. மாட்டியதும் கணவர் முகம் மலர்ந்தது. "வயலின் வெளிய வந்துடுச்சு," என்றார். அதற்கப்புறம் அவரிடமிருந்து "ஆங்?" கூட வரவில்லை. கேஸ் தீர்ந்ததை சமையலறையிலிருந்து ஐந்து தரம் சொன்னாள். குழாயை மூடச் சொல்லி எட்டுத் தரம். அவர் தலை ஆடியது, ஆனால் பாட்டுக்கு.

மூன்றாவது சீட்டு சுருக்கமாக வந்தது. 'இந்த வாரத்தோடு சரி.'

"இதுவும் ஒழுகுது," என்று அந்த ஹெட்போனைக் கொண்டுபோய் விற்பனையாளன் முன்னால் வைத்தாள்.

அவன் பாட்டை ஓடவிட்டு, இரண்டு டப்பாவையும் வாயோடு வாய் சேர்த்து மூடி, அந்த இடுக்கில் காதை வைத்துப் பார்த்தான். "ஒண்ணுமே வரலையே மேடம்."

"கீழ் வீட்டுல கேக்குதுங்கறாரே."

"அவருக்கு அவ்வளவு நல்ல காதா?" என்று மலைத்த அவன், ஒரு விநாடிகூட வீணாக்காமல் கண்ணாடி அலமாரியைத் திறந்தான். "இது கடைசி மாடல். வெளிச் சத்தத்தை உள்ளயே விடாது."

உள்ளே விடாதது வெளியேயும் விடாது என்று சூப்பர்வைசரம்மா கணக்குப் போட்டாள். அரை மாதச் சம்பளம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவர் அதை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். பக்கத்தில் டீயை வைத்துவிட்டு, டீ என்று ஏழு தரம் சொன்னாள். அசைவில்லை. டீ ஆறியது, அவள் ஆறவில்லை. கல்யாணத்தன்று அவருடைய அக்கா பேசின பேச்சில் ஆரம்பித்து, வருஷ வாரியாக எல்லாவற்றையும் அந்த மூடின காதிடம் சொல்லித் தீர்த்தாள். மனசு பாதி லேசானபோது காலிங்பெல் அடித்தது.

வாசலில் ஓனர். அவரைப் பேசவே விடவில்லை அவள்.

"உள்ள வந்து நீங்களே பாருங்க சார். அரை மாசச் சம்பளத்தை அந்தக் காதுல மாட்டி விட்டிருக்கேன். இப்ப ஒரு பாட்டாவது கேக்குதா சொல்லுங்க. வீட்டைக் காலி பண்ண மட்டும் சொல்லிடாதீங்க."

ஓனர் எட்டிப் பார்த்தார். கணவர் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பொறாமையோடு பார்த்துவிட்டு, ஓனர் அவள் பக்கம் திரும்பினார்.

"பாட்டைப் பத்தி நான் எப்பம்மா எழுதினேன்? அது ஓடின வரைக்கும் உங்க குரல் பாதிதான் கீழ வந்துச்சு. புண்ணியமாப் போகும், அந்த ஸ்பீக்கரைத் திரும்பப் போடச் சொல்லுங்க."