கார் பந்தயத்தில் தோற்ற கூறைப்புடவை

ஒரு காரியத்தைச் செய்யத் தெரியாதவனால் பெரிய கெடுதல் எதுவும் வந்துவிடாது. அவன் சும்மா உட்கார்ந்திருப்பான். அந்தக் காரியத்தின் நடைமுறையை வரிசை பிசகாமல் தெரிந்துவைத்திருப்பவன்தான் குடும்பத்தைக் கவிழ்ப்பவன். நான் இரண்டாவது ரகம். வருவாய்த் துறையில் அதற்காகவே மாதாமாதம் சம்பளம் கொடுத்தார்கள். இப்போது அதற்காகவே பென்ஷன் கொடுக்கிறார்கள்.

என் மகன் வேலை கிடைத்துப் புனேவுக்குப் போனபோது, சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தன் பழைய கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனான். அப்போது எனக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஆபீஸ் கடிதங்களை வீட்டிலேயே அடிக்கப்போகிறேன் என்று என் மனைவி கோமளத்திடம் அறிவித்தேன். ஒரே ஒரு கடிதம் அடித்தேன். "ஐயா" என்ற இடத்தில் நின்றது. ஏனென்றால் அன்றைக்குத்தான் அந்தப் பெட்டிக்குள் ஒரு கார் பந்தய விளையாட்டு இருப்பதைக் கண்டுபிடித்தேன்.

(சைக்கிளில் ஏறினால் பிள்ளையார் கோயில் திருப்பத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவன் நான். எனக்குக் கார் பந்தயம்!)

ஆனால் கார் ஓடவில்லை. விக்கியது. கியர் போட்டால் ஒரு விநாடி யோசித்துவிட்டு, தேர் வடம் பிடிக்கிறபோது நகர்வதுபோல் கொஞ்சம் நகர்ந்து நிற்கும். நான் இடதுபக்கம் திருப்பினால், சுவரில் மோதிய பிறகு இடதுபக்கம் திரும்பும். மற்ற கார்கள் எல்லாம் பந்தயத்தை முடித்து, பரிசு வாங்கி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கும். நான் இன்னும் முதல் வளைவில் இருப்பேன்.

இன்னொருவனாக இருந்தால் விட்டிருப்பான். நான் பழைய புத்தகக் கடையில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கிவந்தேன். "விளையாட்டுகள் வேகமாக ஓட" என்று அதில் ஒரு கட்டுரை இருந்தது. அதைச் சுற்றறிக்கை படிப்பதுபோல் அடிக்கோடிட்டுப் படித்தேன். சாராம்சம் இதுதான்: கம்ப்யூட்டருக்கு வேலை அதிகம், தேவையில்லாததை எடுத்துவிடு. ஆக்கிரமிப்பு அகற்றுவது எனக்குத் தெரியாத தொழிலா?

முதலில் சாலையோர மரங்களை எடுத்தேன். அதற்கு செட்டிங்ஸில் ஒரு கட்டம் இருந்தது, டிக்கை எடுத்தால் மரம் போய்விடும். கார் லேசாக மூச்சுவிட்டது. அடுத்து கைதட்டுகிற ஜனங்களை வெளியேற்றினேன். நிழல்களை எடுத்தேன். மேகங்களை எடுத்தேன். கடைசியில் உலகத்தில் நானும் சாலையும் மட்டும்தான் மிச்சம். கார் அப்போதும் விக்கியது.

பிறகு விளையாட்டை விட்டுவிட்டு கம்ப்யூட்டருக்குள்ளேயே இறங்கினேன். திரையின் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்த சின்னச் சின்ன புரோகிராம்களை எல்லாம் மூடினேன். வைரஸ் காவல்காரனையும் அனுப்பிவிட்டேன். (வீட்டில் திருட என்ன இருக்கிறது?) திரையின் அளவைக் குறைத்தேன். எழுத்துகள் எல்லாம் கடைப் பெயர்ப்பலகை அளவுக்கு ஊதிக்கொண்டன.

"ஏன்னா, இது ஏன் இவ்வளவு பெரிசா இருக்கு?" என்றாள் கோமளம்.

"கண்ணுக்கு நல்லது."

கடைசியாக, நிறங்களின் எண்ணிக்கை. லட்சக்கணக்கான நிறங்களைக் காட்டும்படி வைத்திருந்தார்கள். அநியாயமான ஆடம்பரமாகத் தோன்றியது. கீழே இறக்கிக்கொண்டே போய் இருநூற்றைம்பத்தாறில் நிறுத்தினேன். அவ்வளவுதான், கார் பறந்தது! வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவனை முந்தினேன்.

அடுத்த பந்தயம் இருட்டில். சாலையே தெரியவில்லை. அதற்கும் பத்திரிகையில் வழி இருந்தது. திரையின் வெளிச்சம், நிற அழுத்தம், இன்னும் பெயர் தெரியாத இரண்டு மூன்று இழுப்புப்பட்டைகள், எல்லாவற்றையும் வலதுகோடி வரைக்கும் இழுத்தேன். நடுராத்திரி, நல்ல சித்திரை வெயிலாகிவிட்டது. ஜெயித்தேன். எதையும் பழையபடி திருப்பிவைக்கவில்லை. அந்த நடைமுறை மட்டும் கட்டுரையில் எழுதப்படவில்லை.

இந்த நேரத்தில்தான் என் மகள் ரமாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை முகுந்தன் பெங்களூரில் கம்ப்யூட்டர் இன்ஜினீயர். தகப்பனார் இல்லை, எல்லாம் அம்மாதான். அந்த மாமி ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் பேசும்போது நமக்கே நகம் வெட்டியிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

எங்களில் கூறைப்புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது. தாலி கட்டும்போது பெண் உடுத்தும் ஒன்பது கஜம். நிறம் அரக்கு, அதில் பேச்சுக்கே இடமில்லை. மாமி போனில் கூப்பிட்டார்.

"மாமா, கடையில வாங்கற அரக்கு எனக்குப் பிடிக்காது. என் மாமியார் எனக்கு எடுத்த கூறை இருக்கு. ரமாவுக்கும் அதே அரக்கு, அதே சாயல்ல வேணும். எங்காத்துல நாட்டுப்பொண்ணுகளுக்கு அதுதான் வழக்கம். நீங்க காஞ்சிபுரத்துலயே இருக்கேளே, நெய்யச் சொல்லுங்கோ. முகுந்தன் போட்டோ எடுத்து இமெயில்ல அனுப்புவான்."

"தாராளமா மாமி. கம்ப்யூட்டர் என் கைக்கு அடக்கம்" என்றேன்.

இமெயில் வந்தது. டெலிபோன் லைனைக் கீச்சிடவைத்து, படம் ஒவ்வொரு வரியாக மேலிருந்து இறங்கியது. மாமி நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கூறைப்புடவையை விரித்துவைத்திருந்தார். புடவை பளீரென்று ராணி கலர். கோமளம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"அரக்குன்னாளே? இது ரோஸுன்னா."

"அவாத்து அரக்கு இப்படித்தான்."

"மாமி முகம்கூட பூசணிப்பூ மாதிரி இருக்கே? நிச்சயதார்த்தத்தன்னிக்கு மாநிறமாத்தானே இருந்தா?"

"பெங்களூர் குளிர் ஊர். அங்கே போனா எல்லாரும் வெளுத்துடுவா."

இதை நான் சொன்னேன். பட்டம் வாங்கியவன், துறைத்தேர்வுகளை முதல்முறையிலேயே பாஸ் செய்தவன், சொன்னேன்.

இருந்தாலும் எந்த விஷயத்தையும் உறுதிப்படுத்திக்கொள்ளாமல் மேலே அனுப்பக் கூடாது என்பது நடைமுறை. போன் செய்தேன்.

"மாமி, போட்டோவில இருக்கற அதே கலர்தானே?"

"அதேதான்."

"கொஞ்சம் முன்னே பின்னே இருந்தா?"

"கூடவே கூடாது. நூல் மாறக் கூடாது."

இதைவிடத் தெளிவான ஆணையை நான் சர்வீஸில் வாங்கியதில்லை.

பிள்ளையார்பாளையத்தில் சில தறிகள் வைத்து நெய்துகொடுக்கும் தனபாலை வீட்டுக்கு வரச்சொன்னேன். அவர் சாயமிட்ட பட்டு நூல் கண்டுகளை ஒரு பையில் கொண்டுவந்து, கம்ப்யூட்டர் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னா சார், கூறைக்கு ராணி கலரா கேக்கறாங்க?"

"அவங்க வீட்டு வழக்கம்."

"கம்ப்யூட்டர்லயே வந்துட்சுன்னா அப்பறம் இன்னா சார் பேச்சு? ஆனாலும் அந்தம்மா இன்னாமா பளபளன்னு கீறாங்க! சினிமாக்காரங்களா?"

"ரிடையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ்."

"அப்டியா!" என்று பயபக்தியோடு திரையைப் பார்த்தார். ஒவ்வொரு கண்டாகத் திரையில் ஒட்டிவைத்துப் பார்த்தோம். ஒன்றும் ஒத்துவரவில்லை. அவ்வளவு கண்ணைப் பறிக்கும் நிறத்தில் யாரும் சாதாரணமாகச் சாயம் போடுவதில்லையாம். தனபால் சாயக்காரரையே கூட்டிவந்து காட்டினார். அவர் போய் நனைத்து, காயவைத்துக் கொண்டுவர, நான் திரையோடு ஒப்பிட்டு, "இன்னும் கொஞ்சம் தூக்கலா" என்று திருப்பியனுப்ப, மூன்றாவதோ நான்காவதோ தடவையில் நூல் திரைக்குள் கரைந்துபோனது மாதிரி பொருந்தியது. நான் கைகொடுத்தேன்.

நெய்து முடித்து வந்ததும் புடவையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். இம்மி வித்தியாசமில்லை. அன்று சந்தோஷத்தில் நான்கு பந்தயம் ஓட்டினேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு, மாமியும் முகுந்தனும் வீட்டுக்கு வந்தார்கள். சென்னையில் வேலையிலிருந்த ரமாவும் லீவில் வந்திருந்தாள். காபி ஆனதும் கோமளம் தாம்பாளத்தில் புடவையை வைத்துக் கொண்டுவந்தாள். மேலே போட்டிருந்த துண்டை நான்தான் எடுத்தேன். ஒரு திரைச்சீலையைத் திறக்கும் மந்திரியின் பாவனையில் எடுத்தேன் என்று ரமா பிறகு சொன்னாள்.

கூடம் முழுக்க ரோஸ் வெளிச்சம் அடித்தது.

மாமி புடவையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி புடவையைப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"ரமாவுக்குத்தான் மாமி. கூறை."

"மணையில எங்காத்து நாட்டுப்பொண்ணு இதைக் கட்டிண்டு உக்காரணுமா?"

"நீங்க அனுப்பின கலர்தானே மாமி?"

"நானா? இதையா?"

ஒருவர் தான் போட்ட உத்தரவை மறுத்தால் என்ன செய்யவேண்டும்? ஆவணத்தைக் காட்டவேண்டும். "ஒரு நிமிஷம்" என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். இப்போதுகூட அந்த "ஒரு நிமிஷம்" என் காதில் ஒலித்தால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். படம் திறந்தது. புடவையை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"பாருங்கோ. நூல் மாறலே."

மாறவில்லைதான். ஆனால் யாரும் புடவையைப் பார்க்கவில்லை. திரையில் தகதகவென்று பூசணிப்பூ முகத்தோடு, ஆரஞ்சு உதட்டோடு, ஊதா மயிரோடு ஒரு மாமி சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நல்ல மாநிறத்தில், நரைத்த தலையோடு, சிரிக்காத ஒரு மாமி நின்றுகொண்டிருந்தார். இருவருக்கும் உள்ள ஒரே ஒற்றுமை மூக்குத்தி.

"நான்... இப்படியா இருக்கேன்?" என்றார் மாமி, மெதுவாக.

நான் பெங்களூர் குளிரைப் பற்றி வாயெடுத்தேன். கோமளம் என் காலை மிதித்தாள்.

முகுந்தன் மரியாதையாக, "மாமா, கொஞ்சம் நகருங்கோ" என்று உட்கார்ந்தான். இரண்டு கிளிக். அவன் புருவம் ஏறியது.

"மாமா, ஏன் இருநூற்றைம்பத்தாறு கலர்ல வெச்சிருக்கேள்?"

"அது... சிக்கனம்."

"பிரைட்னஸ் எல்லாம் கடைசி வரைக்கும் இருக்கே? யார் பண்ணினா?"

வீட்டில் வேறு யாரும் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அவன் எல்லாவற்றையும் பழையபடி வைத்தான். கண்ணெதிரே, மழைவிட்டு வானம் தெளிகிற மாதிரி, திரையிலிருந்த மாமி மாநிறமானார். தலை நரைத்தது. மடியிலிருந்த புடவை ஆழ்ந்த, கௌரவமான, சந்தேகமே இல்லாத அரக்காகியது. நான் தூக்கிப்பிடித்திருந்த ஒன்பது கஜம் மட்டும் மாறாமல் ராணி கலரிலேயே இருந்தது. பட்டுக்கு செட்டிங்ஸ் இல்லை.

"எதுக்கு மாமா இப்படி மாத்தினேள்?" என்றான் முகுந்தன்.

நான் பதில் சொல்வதற்கு முன்னால், கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது. ஏதோ ஒன்றை மூடப்போய் அவன் வேறொன்றைத் தொட்டுவிட்டான். கூடம் அதிரும்படி இன்ஜின் உறுமல், அதைத் தொடர்ந்து ஒரு தடியன் குரலில் ஆங்கில வரவேற்பு. திரையில் வெற்றிபெற்றவர்களின் வரிசை. முதலிடத்தில் என் பெயர், இனிஷியலோடு.

"அப்பா?" என்றாள் ரமா.

"இதுக்குத்தான் கடுதாசி அடிக்கறேன்னேளா?" என்றாள் கோமளம்.

மாமி என் பக்கம் திரும்பினார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பையன்களைப் பார்த்தவர் ஒரு பையனை எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். கல்யாணம் நின்றுவிடும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. காரணம் கேட்கிறவர்களுக்கு என்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். வரதட்சணைத் தகராறில் நின்ற கல்யாணம் உண்டு. பெண்ணின் தகப்பனார் மூன்றாவது கியரில் போனதால் நின்றது ஊரிலேயே இதுதான் முதலாவதாக இருக்கும்.

"வேறே நெய்ய நாளில்லை" என்றார் மாமி கடைசியில். "வாங்கோ, கடைக்குப் போகலாம். நீங்க வரவேண்டாம் மாமா. கலரைப் பத்தி நீங்க இனிமே அபிப்பிராயம் சொல்லவேண்டாம்."

கடையில் ஒரு அரக்கு கிடைத்தது. அதே சாயல் இல்லை. தாலி கட்டும்போது எல்லோரும் அட்சதை போட்டுக்கொண்டிருக்க, மாமி மட்டும் அந்தப் புடவையை, பால் திரிந்த காபியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதை என்னால் கொடுக்கமுடியவில்லை. மண்டபத்தில் நான் தூணோடு தூணாக நின்றேன்.

அதன்பிறகு கம்ப்யூட்டருக்குக் கோமளம் உறை போட்டுக் கட்டிவிட்டாள். ஆனால் அந்த ராணி கலரை எதைப் போட்டும் மூடமுடியவில்லை. அந்த நிறத்தில் ஒன்பது கஜம் யாரும் கட்டமாட்டார்கள், அசல் காஞ்சிபுரம் பட்டைத் தூக்கிப்போடவும் மனசு வராது. வெட்டினார்கள். எங்கள் குடும்பத்தில் அந்தத் துணியில் ஒரு ரவிக்கையாவது இல்லாத பெண் கிடையாது. பேத்திக்குப் பாவாடை ஆனது. பெங்களூரில் சோபா மெத்தைக்கு உறை ஆனது, அதன்மேல்தான் மாமி என்னை உட்காரச்சொல்வார். மட்டமான பட்டாக இருந்திருந்தால் இந்நேரம் கிழிந்து போயிருக்கும். தனபால் நாணயமானவர், துணி கிழிவேனா என்கிறது.

போன மாதம் பேத்திக்குப் பிறந்தநாள் துணி எடுக்க எல்லோரும் கடைக்குப் போனோம். கடைப்பையன் கட்டுக்கட்டாக எடுத்துப்போட்டு, நடுவில் ஒரு ராணி கலரை விரித்து, "பாப்பாவுக்கு இது எடுப்பா இருக்கும்மா" என்றான்.

"ஐயோ, தாத்தா கலர் வேணாம்" என்றாள் அவள்.

கடைப்பையன் தலைநிமிர்ந்து என் வெள்ளை வேட்டியை, வெள்ளைச் சட்டையை, வெள்ளைத் தலையைப் பார்த்தான். ஒன்றும் விளங்காமல் ரமாவைப் பார்த்தான்.

"மடிச்சு வெச்சுடுங்கோ" என்றாள் ரமா. "அது எங்க வீட்ல நிறைய இருக்கு."