அத்தியாயம் முடிந்தால்தான் கேட்டு திறக்கும்

என் வாழ்நாளில் ஒரே ஒரு மொட்டைக் கடிதம் எழுதியிருக்கிறேன். இடது கையால், ஆபீஸ் காகிதத்தில், நல்ல இங்கிலீஷில் எழுதினேன். அதில் இருந்தது பொய். அந்தப் பொய்யால் ஒரு மனிதருக்கு வேலை போயிற்று, குடியிருந்த அறையும் போயிற்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சிரிப்பு வரும் சங்கதிகள் நிறைய இருக்கின்றன. உங்களைச் சிரிக்க வைத்துவிட்டுக் கடைசியில் இதைச் சொன்னால் இரண்டாவது தடவை ஏமாற்றியது போல் ஆகும்.

அவருக்கு ஊர் வைத்த பெயர் அத்தியாயம். அம்பத்தூர் ரயில்வே கேட்டில் கேட்டுக்காரர். வயது இருபத்திரண்டு இருக்கும். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை காதலித்தவர்கள் எல்லோரும் அதுவரை விட்ட கண்ணீர் ஒரு குடம் என்றால், அத்தியாயம் காதல் கதை படித்து விட்ட கண்ணீர் இரண்டு குடம். யுத்தம் இன்னும் வரவில்லை, ஆவடிக்குப் பட்டாளமும் வரவில்லை. அந்தப் பக்கத்தில் அதுவரை நடந்த பெரிய சோகங்கள் எல்லாம் அத்தியாயத்தின் மடியில் விரிந்திருந்த புத்தகத்தில்தான் நடந்தன.

அவருடைய அப்பா எங்களைப் போன்றவர்களின் நிலத்தில் கூலி வேலை செய்தவர். மகன் பாதிரிமார் பள்ளியில் ஐந்தாவது வரை படித்து, ரயில் கம்பெனியில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் வாங்கிக்கொண்டார். கேட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. அதில் அவரும் அம்மாவும் ஒரு பெட்டிப் புத்தகமும். பூந்தமல்லிச் சந்தையில் விற்கிற பெரிய எழுத்து ராஜகுமாரி கதை, பட்டணத்தில் அச்சாகும் 'அல்லது' போட்டு இரண்டு தலைப்பு வைத்த நாவல், வாரப் பத்திரிகையில் இருந்து கிழித்து ஊசி நூலால் தைத்த தொடர்கதை, எல்லாம் அந்தப் பெட்டியில் இருந்தன. பழசு புதுசு என்ற பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது. ஆனால் அபிப்பிராயம் உண்டு.

"அந்தக் காலத்து ராஜகுமாரன் படத்தப் பாத்தே மயங்கி உயுந்துடுவான் அண்ணாத்தே. இப்போ எழுதறவங்க கதைல டிராம்ல பக்கத்துல குந்திகினு கீறான், பேச மாட்டேன்றான். நாப்பது பக்கம் கயிச்சி எறங்கிப் பூடறான். படிக்கிற நம்பளுக்குத்தான் மயக்கம் வருது."

நான் தினம் ரயிலேறிப் பட்டணத்து ஆபீசுக்குப் போகும் குமாஸ்தா. ஆகவே மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் பொறுக்கி வருவது என் பொறுப்பு. காலையில் ஸ்டேஷனுக்கு நடந்தால் கேட்டருகே பிடித்துக்கொள்வார்.

"போன தபா குடுத்தியே, அதுல கடைசி ரெண்டு பக்கம் இல்ல. எவனோ கிழிச்சிகினு பூட்டான். சேந்தாங்களா இல்லையான்னு தெரியாம மூணு நாளா சோறு எறங்கல."

"சேந்திருப்பாங்கப்பா."

"நீ பாத்தியா?"

அந்தப் புத்தகத்தின் இன்னொரு பிரதியைத் தேடி ஒரு மாதம் அலைந்தேன். தேடிய கையோடு ரயிலில் நானும் அதைப் படித்தேன். எனக்கு நாவல் படிக்கும் பழக்கம் வந்த கதை இதுதான். அதுவரை நாவல் என்றால் முகம் சுளித்துக்கொண்டிருந்தேன்.

அத்தியாயம் கேட்டை மூடுவதில் ஒரு நாளும் தாமதித்ததில்லை. திறப்பதில்தான் தாமதம். கேட்டு மூடியிருக்கும்போது இரண்டு பக்கமும் மாட்டுவண்டி, ஜட்கா, பால்குடம், கீரைக்கூடை எல்லாம் நிற்கும். நிற்கிறவர்கள் பொழுது போகட்டும் என்று அவர் அன்றைக்குப் படித்ததைச் சத்தமாகச் சொல்லுவார். ரயில் வந்து போய்விடும். கதை போய்ச் சேர்ந்திருக்காது.

"அத்யாயம், ரயிலு திருநின்றவூரே தாண்டிருக்கும். தொற நைனா!" என்பார் மேனாம்பேட்டு வண்டிக்காரர் ஒருவர்.

"இரு மாமே. அந்தப் பொண்ணு இப்பத்தான் கண்ணத் தொடச்சிகினு கீது. இந்த நேரத்துல கேட்டத் தொறந்தா நல்லாவா இருக்கும்?"

"தொறக்காதே!" என்று பால்காரம்மா குறுக்கே விழுவார். "அவ இன்னா பதில் சொன்னா? அத்தச் சொல்லு மொதல்ல."

"ஒன் பால் திரிஞ்சிடப் போவுதும்மா."

"திரிஞ்சா திரியட்டும். ஊட்டுல போயி மாட்டைக் கேட்டா அது சொல்லுமா?"

ஒரு நாள் சிக்னல் கிடைக்காமல் கூட்ஸ் வண்டி ஒன்று கேட்டருகே நின்றது. அத்தியாயம் தலை முழுகி, ஈர வேட்டியோடு, கையில் கொடியைப் பிடித்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தார். எஞ்சினில் இருந்த ஆங்கிலோ இந்திய டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்பா மேன், ஏன் அழறே? யார் செத்துப் போச்சு?"

"ஒரு பொண்ணு சார். பத்தொம்பது வயசு. காச நோவு."

டிரைவர் தொப்பியைக் கழற்றினார். "உன் சிஸ்டரா?"

"இல்ல சார். பதினேழாம் அத்யாயம்."

கழற்றிய தொப்பியை எந்த முகத்தோடு திரும்பப் போட்டுக்கொள்வது என்று தெரியாமல், சிக்னல் விழும்வரை அந்த மனிதர் வெறுந்தலையோடு நின்றார். அத்தியாயம் மட்டும் மூன்று நாள் எண்ணெய் வைத்துக்கொள்ளவில்லை. புத்தகத்தில் கல்யாணம் நடந்தால் அவர் வீட்டில் வெல்லப் பாயசம். அதில் எனக்கும் பங்கு வந்திருக்கிறது.

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

எனக்குத் திருவேற்காட்டில் பெண் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம் பிறக்கும். அதற்குள் பெண் வீட்டு வாசற்படி மிதித்தாக வேண்டும். இரண்டு கூண்டு வண்டிகளில் பெரியப்பா, அம்மா, அத்தை, வெற்றிலைத் தட்டு, மல்லிகைப்பூ, நான். எங்கள் வீடு தண்டவாளத்துக்கு வடக்கே. கேட்டுக்கு வந்தோம், மூடியிருந்தது. கூட்ஸ் வரவேண்டும். அத்தியாயம் கதையில் இருந்தார். நான் அந்த வாரம் வாங்கிக் கொடுத்த நாவல்தான். கதையிலும் ஒரு கல்யாணம். பிடிக்காத மாப்பிள்ளை மணையில் உட்கார்ந்திருக்கிறான். பிடித்தவன் மழையில் ஓடி வந்துகொண்டிருக்கிறான்.

கூட்ஸ் போயிற்று. பெரியப்பா கடிகாரத்தை எடுத்தார். "டேய் அத்யாயம், தொறடா!"

அத்தியாயம் எங்களைப் பார்த்தார், என் புதுச் சட்டையைப் பார்த்தார், புரிந்துகொண்டார். சாவிக்குக் கையும் கொண்டுபோனார். உள்ளதைச் சொல்கிறேன்: தடுத்தது என் அம்மா. எப்போது வண்டியை விட்டு இறங்கினாள் என்று தெரியவில்லை, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருப்பா. தாலி கட்டிட்டானா?"

"இல்லம்மா. கையில எடுத்துட்டான்."

"ஐயையோ!" என்று அத்தையும் இறங்கினாள்.

"அம்மா, நேரமாவுது" என்றேன்.

"ஒன் கல்யாணம் எங்க ஓடிடப் போவுது? அந்தப் பொண்ணு பாவம்டா, மணையில ஒக்காந்துகினு கீது."

பிடித்தவன் மழையில் ஓடி வந்து சேருவதற்குள் ஆவடிப் பக்கமிருந்து அடுத்த ரயிலுக்கு மணி அடித்துவிட்டது. அத்தியாயம் சட்டென்று புத்தகத்தை மூடிக் கொடியை எடுத்தார். இனி எவர் சொன்னாலும் திறக்கமாட்டார். அந்த விஷயத்தில் அவர் இரும்பு. அந்த ரயிலும் போய், நாங்கள் திருவேற்காட்டை அடைந்தபோது நாலே முக்கால். பெண்ணின் தாய்மாமன் வாசலிலேயே கையை நீட்டி நிறுத்தினார். ஊர் மந்தையில் வண்டிக்குள் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மல்லிகை வதங்கியது. ஆறு மணிக்கு உள்ளே போனபோது தாய்மாமன், "ஒரு ரயில்வே கேட்டைத் தாண்டத் தெரியல, இவரு எங்க குடும்பத்தைத் தாண்டப் போறாரு?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். பெண் முகத்தை நான் பார்க்கவேயில்லை. இரண்டு வாரத்தில் அவளை வேறிடத்தில் நிச்சயம் செய்தார்கள்.

அம்மாவைக் கோபிக்க முடியாது. பெரியப்பாவைக் கோபிக்கத் தைரியமில்லை. மிச்சமிருந்தது கேட்டுக்காரன். அவர் கேட்டுக்காரன், நான் குமாஸ்தா என்ற திமிரும் இருந்தது. மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து எழுதினேன். தாமதமாகத் திறக்கிறான் என்று எழுதினால் எவனும் கவலைப்பட மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஆகவே, நாவல் மயக்கத்தில் கேட்டை மூடவே மறந்துவிடுகிறான், ஒரு நாள் பெரிய விபத்து நடக்கப்போகிறது என்று எழுதினேன்.

டிராலியில் இன்ஸ்பெக்டர் வந்தார். பெட்டியைத் திறந்தார்கள், தலையணையைத் தூக்கினார்கள், கொடி வைக்கும் டப்பாவைக் கவிழ்த்தார்கள். எல்லாவற்றிலிருந்தும் நாவல் விழுந்தது. பாதிப் புத்தகங்களின் முதல் பக்கத்தில் நான் வாங்கியதன் அடையாளமாக என் இனிஷியல் இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. வேலை போய், அந்த வாரமே அத்தியாயம் அறையைக் காலி செய்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு பூந்தமல்லிக்கு மூட்டை தூக்கப் போனார்.

புதிதாக வந்தவர் ரயில் போன மறுகணம் கேட்டைத் திறந்தார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பால்காரம்மா, "வண்டி போனதும் தொறந்துடறான் பாவி" என்று அவரைத் திட்டினார். என் அம்மா சாப்பாடு போடும்போதெல்லாம், "அந்தப் பையன எவனோ கோள் சொல்லிக் கவுத்துட்டானாமே, அவன் கை வெளங்குமா?" என்பாள். இடது கையை இலைக்குக் கீழே மறைத்துக்கொள்வேன். மூன்று வாரம் அப்படிச் சாப்பிட்டேன். நாலாவது ஞாயிறு பூந்தமல்லிக்குப் போனேன்.

அரிசி மண்டி வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் ஒரு புத்தகம் செருகியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அண்ணாத்தே! புச்சா எதுனா கொணாந்தியா?"

"அந்தக் கடுதாசி நான் எழுதினது" என்றேன்.

"எந்தக் கடுதாசி?"

"உன் வேலையைப் போக்கினது."

வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. "புஸ்தகம் வாங்கியாந்ததும் நீ, புஸ்தகம் படிக்கிறான்னு எழுதினதும் நீயா?"

"ஆமா."

"அத்தகூட உடு. படிச்சேன், லேட்டாத் தொறந்தேன். அதுக்குப் போச்சின்னா சரின்னுட்டுப் போவேன். மூடலேன்னு எழுதிட்டியே! அஞ்சு வருசத்துல என் கேட்டுல ஒரு கோழிக்குஞ்சு அடிபட்டது இல்ல. இப்போ எங்கம்மாவே கேக்குது, 'மெய்யாலுமே மூடாத உட்டுட்டியாடா'ன்னு."

அவர் அடுத்த மூட்டைக்கு முதுகைக் கொடுத்தார்.

"போ சார். வேலை கீது."

அதுவரை அண்ணாத்தே. அன்றிலிருந்து சார். கடைசி வரைக்கும் சார்தான். அதை நான் சம்பாதித்துக்கொண்டேன்.

திரும்பி வந்து இரண்டாவது கடிதம் எழுதினேன். வலது கையால், பெயரும் விலாசமும் போட்டு. முதல் கடிதம் பொய், எழுதியவன் நான் என்று. அதோடு கேட்டில் நின்று எல்லோரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினேன். 'இவர் ஒரு நாளும் கேட்டை மூடத் தவறியதில்லை. திறக்கத் தாமதமானதற்கு நாங்களே காரணம்' என்பது விண்ணப்பம். வாங்குவது சுலபமாக இல்லை. எழுதியவன் யார் என்று சொல்லித்தான் வாங்கினேன். மேனாம்பேட்டு வண்டிக்காரர் என்னைக் கேட்ட கேள்விகளைப் பத்திரிகையில் போட முடியாது. பால்காரம்மா பெருவிரலை அழுத்திவிட்டு, "அந்தக் கதைல கல்யாணம் நடந்துச்சா இல்லையான்னு கம்பெனித் தொரைய ஒரு வார்த்தை கேட்டு எழுதிகினு வா" என்றார். என் அம்மாவும் கைநாட்டு வைத்தாள். வைத்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பட்டணத்தில் ரயில் கம்பெனி துரைக்கு முன்னால் நின்றேன். ஹெட்கிளார்க் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "பொய்க் கடிதத்தில் இங்கிலீஷ் சுத்தமாக இருக்கிறது. உண்மைக் கடிதத்தில்தான் ஐயா ஏகப்பட்ட தப்பு" என்றார். துரை சிரிக்கவில்லை. இதை உன் ஆபீசுக்கு அனுப்பலாமா என்று கேட்டார். அனுப்பலாம் என்றேன். அனுப்பினார். மூன்று வருஷம் எனக்குக் கீழே வந்தவர்களெல்லாம் மேலே போக, நான் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அத்தியாயத்துக்கு வேலை திரும்பக் கிடைத்தது. 'கேட்டை மூடத் தவறியதாக ருசு இல்லை' என்று ஒரு வரி எழுதியும் கொடுத்தார்கள். அதை அவர் தம் அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாராம். ஆனால் வேலை அம்பத்தூரில் இல்லை, ஆவடிக்கு அப்பால் ஒரு கேட்டில். சுடுகாட்டுக்குப் போகிற பாதை அது. அந்த வழியே வருகிறவர்களில் கதை கேட்கும் நிலையில் இருப்பவர்கள் குறைவு. கம்பெனி யோசித்துத்தான் போட்டிருந்தது. ஆனால் மேனாம்பேட்டு வண்டிக்காரர்களை அதற்குத் தெரியாது. இரண்டே மாதத்தில், மேனாம்பேட்டிலிருந்து அம்பத்தூர் வரும் வைக்கோல் வண்டிகள் ஆவடி சுற்றி வர ஆரம்பித்தன.

நானும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போனேன், ஒரு புத்தகத்தோடு. "வெச்சிட்டுப் போ சார்" என்பார். வைத்துவிட்டு வருவேன். வாங்கிக்கொண்டாரே, அதுவே பெரிது. இன்று நான் நாலு வரி எழுதி நீங்கள் படிக்கிறீர்கள் என்றால், அந்த மனிதருக்காகப் புத்தகம் தேடித் தேடி நான் படித்ததுதான் காரணம். வேறெந்தப் பள்ளிக்கூடத்துக்கும் நான் அவ்வளவு கடன்பட்டதில்லை.

மாரிக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு. புத்தகத்தை வைத்துவிட்டுத் திரும்பினேன். "வெச்சிட்டுப் போ" என்ற சொல் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே படிக்க ஆரம்பித்திருந்தார், சத்தமாக. சாலையில் வண்டி எதுவும் இல்லை. கேட்பதற்கு நான் ஒருவன்தான். பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்தேன். கதையில் இருவரும் ஒரு படகுத்துறையில் பிரிகிறார்கள். நன்றாக எழுதப்பட்டது என்றுகூடச் சொல்லமாட்டேன். ஆனால் அவர் படித்தார். எனக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது. அவர் தோளிலிருந்த துண்டின் ஒரு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, மறுமுனையை என் பக்கம் நீட்டினார்.