முப்பத்தேழாம் நம்பர் பால்

பிரிக்பீல்ட்ஸில் ஞாயிற்றுக்கிழமை வரிசை நின்றால் அது வாழையிலைச் சாப்பாட்டுக்குத்தான் என்று நினைத்து, சிலர் பின்னால் போய் ஒட்டிக்கொண்டார்கள். பாதி மாடிப்படி ஏறிய பிறகுதான் முன்னால் நிற்கிறவர் கையில் இருப்பது தாய்ப்பால் பாட்டில் என்று தெரிந்தது. அப்போதும் யாரும் இறங்கவில்லை. இத்தனை பேர் நிற்கிறார்களே, ஏதாவது இருக்கும்! கூட்டத்தைப் பார்த்துக் கூட்டம், அதைப் பார்த்து இன்னொரு கூட்டம்.

மாடியில் அமர்ந்திருந்தவர் பாலாமிர்த சுவாமிகள். டிக்டாக்கில் மூன்று லட்சம் பேர் பின்தொடர்கிற மகான். குழந்தை பால் கக்குகிறதா? வயிற்றில் குறையில்லை, தாயின் பாலில்தான் தோஷம் என்பார். கண்பட்ட பால் குழந்தை வயிற்றில் தங்க மறுக்கிறதாம். அவ்வளவு ரோஷமான பால்!

சோதனை ரொம்பச் சுலபம். கொண்டுவந்த தாய்ப்பாலை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றுவார். மூக்கு வைத்த செம்புக் கிண்டியிலிருந்து நாலு சொட்டுத் தீர்த்தம் விடுவார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். திறந்து பார்த்தால் பால் பொடிப்பொடியாகத் திரிந்திருக்கும். தோஷம்! அடுத்து, அவரே விற்கிற 'அபிஷேக டின்' பால் மாவைக் கரைத்து இன்னொரு கிண்ணம். அதற்கு வெள்ளிக் கிண்டித் தீர்த்தம். பால் அசையாது. சுத்தம்!

இத்தனை மாதத்தில் ஒரு தாயின் பால்கூடத் தேறவில்லை. எஸ்பிஎம் பரீட்சையின் கணக்குப் பேப்பரில்கூட நாலு பேராவது பாஸாவார்கள்.

பால் மாவு மேல் நமக்குக் கோபமில்லை. பால் போதாத தாய்க்கும், டாக்டர் கொடுக்கச் சொன்ன குழந்தைக்கும் அது சோறு. கடையில் கிடைக்கிற அதே டின்னில் தன் படத்தை ஒட்டி, குங்குமம் தடவி, மூன்று மடங்கு விலைக்கு விற்கிற வித்தை இருக்கிறதே, அதைத்தான் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

அன்றைக்கு முப்பத்தேழாம் நம்பர் தாமரையிடம் இருந்தது. பதினேழு வயது. கிள்ளானில் அக்கா வாணி வீட்டில் தங்கிப் படிக்கிறாள். வாணியின் மகன் யுகேந்திரனுக்கு இரண்டரை மாதம். பால் குடிப்பான், சிரிப்பான், அப்பா சட்டையில் கக்குவான், மறுபடி சிரிப்பான். கிளினிக்கில் நர்ஸ், மிஸ்ஸி நுஸைபா, எடை பார்த்துவிட்டு, "நல்லாத்தானே ஏறுது? இந்த வயசுல வயித்து வாய் இறுகியிருக்காது லா. குடிச்சதும் படுக்கப் போடாதீங்க, நிமித்தி வச்சு ஏப்பம் விட வைங்க. எடை இறங்கினாலோ பச்சையா கக்கினாலோ உடனே தூக்கிட்டு வாங்க. பால மட்டும் நிறுத்தாதீங்க" என்று சொல்லி அனுப்பினாள்.

மிஸ்ஸி காசு வாங்காமல் சொன்னாள். அதனாலேயே ரிஷிக்கு நம்பிக்கை வரவில்லை.

ரிஷி, வாணியின் கணவன். கையுறைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். ஒவ்வொரு கையுறைக்குள்ளும் தண்ணீர் நிரப்பி, ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்துத் தூக்கி வீசுகிற ஆள். சுவாமிகள் என்று வந்தபோது மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றிப் பார்க்கத் தோன்றவில்லை.

"சாமி சொன்னா நிறுத்திடணும், வாணி. இன்னிக்கே."

"நிறுத்தினா வத்திடும் ரிஷி. அப்புறம் யாரு வரவைப்பா? உங்க சாமியா?"

தாய் நேரில் வரக்கூடாது, நிழல் பட்டால் கிண்ணம் கலங்கிவிடும் என்பது சுவாமிகள் சட்டம். தாய் வந்தால் கேள்வி கேட்பாள் என்பது நம் சந்தேகம். எப்படியோ, பாட்டிலைச் சுமக்கும் வேலை தாமரைக்கு வந்தது. காரை நிறுத்த இடம் தேடி ரிஷி சுற்றிக்கொண்டிருந்தான். பிரிக்பீல்ட்ஸில் கடவுளைக்கூடப் பார்த்துவிடலாம், பார்க்கிங்தான் கிடைக்காது.

மாடிப்படியில் நின்றபடி தாமரை பையைத் திறந்தாள். மூடி கழன்றிருந்தது. அக்கா அரைமணி நேரம் பிழிந்து கொடுத்த பால் முழுவதும் கெமிஸ்ட்ரி புத்தகத்துக்குள் இறங்கியிருந்தது.

ரிஷி மாமா கொன்றுவிடுவார். வெறும் பாட்டிலை நீட்டினால் அடுத்த ஞாயிறு மறுபடி வரவேண்டும். அக்கா மறுபடி அழவேண்டும்.

பக்கத்தில் ஓர் இளைஞன் மகளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றான். பெயர் குகன், கேரி தீவிலிருந்து வந்தவன். அவன் மகள் அபிஷேக டின் பாலைக் குடித்துவிட்டு, அதே தோளில் நிதானமாகக் கக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே… உங்க புட்டில மிச்சம் இருக்கா? கொஞ்சம் ஊத்துறீங்களா?"

"எதுக்கும்மா?"

"தம்பி பாப்பாவுக்கு." அது முழுப் பொய்யும் இல்லை.

"ஊத்திக்க. மூணு வாரமா இதான் குடிக்கிறா, இன்னும் கக்குறா. அதான் சாமிகிட்ட கேட்கலாம்னு மறுபடி வந்திருக்கேன்."

சாமியின் டின் பாலைச் சாமியிடமே கொண்டுபோகிறோம் என்பது, மூடியை இறுக்கித் திருகியபோதுதான் தாமரைக்கு உறைத்தது. அதற்குள் ரிஷி வேர்த்துக் கொட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். உதவியாளர் சுகுமாறன் மைக்கில் கத்தினார்.

"நம்பர் முப்பத்தேழு! செருப்பக் கழட்டுங்க, ஃபோன சைலன்ட்ல போடுங்க, டிக்டாக் லைவ் மட்டும் பண்ணலாம்!"

சுவாமிகள் பாலைக் கிண்ணத்தில் ஊற்றினார். செம்புக் கிண்டி சாய்ந்தது. ஒரு சொட்டு, இரண்டு, மூன்று, நாலு.

பால் திரிந்தது. எப்போதும் போலப் பொடிப்பொடியாக அல்ல, கட்டி கட்டியாகத் திரிந்து, தண்ணீர் தனியே நின்றது. சுவாமிகளே ஒரு கணம் பின்வாங்கினார்.

"ஐயையோ! இப்படியொரு தோஷத்த நான் பார்த்ததே இல்ல! ஏழு தலைமுறைச் சாபம்! மகனே, இந்தத் தாயோட பால் இனி ஒரு சொட்டு உள்ள போனாலும் பிள்ள தாங்காது!"

கூட்டம் 'ஆ' என்றது. ரிஷியின் கண்ணில் நீர் முட்டியது. நின்ற இடத்திலேயே வீட்டுக்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டான். பின்னணியில் யுகேந்திரன் வீறிட்டுக்கொண்டிருந்தான்.

"வாணி, குடுக்காத. டின் வாங்கிட்டு வரேன்."

"பிள்ள பசியில கத்துறான் ரிஷி. ஜாம்ல நீங்க வந்து சேர ரெண்டு மணி நேரமாகும்!"

"பரவால்ல, பொறு. நம்ம நல்லதுக்குத்தான்."

பசியில் கத்துகிற இரண்டரை மாதப் பிள்ளைக்குப் பொறுமை சொல்லித் தருகிறார்களாம்!

தாமரை கிண்ணத்தைப் பார்த்தாள். சொன்னால் அடி. சொல்லாவிட்டால் அக்காவுக்குப் பால் வற்றிப்போகும், இவளால். ரிஷியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா… அது அக்கா பால் இல்ல."

"என்ன?"

"பால் கொட்டிப்போச்சு. பயமா இருந்துச்சு. இந்த அண்ணன்கிட்ட வாங்கி ஊத்தினேன். அது… சாமியோட டின் பால்."

ரிஷி கையை ஓங்கினான். கை பாதியில் நின்றது. தொழிற்சாலை மூளை அப்போதுதான் ஷிஃப்டுக்கு வந்தது.

"டின் பாலா?"

சுவாமிகள் முந்திக்கொண்டார். "பார்த்தியா மகனே! பொய் சொல்ற பொண்ணு கை பட்டிருக்கு! கை தோஷம் பாலுக்கு ஏறிடுச்சு! புது டின்ன உடை, அது சுத்தமா இருக்கும்."

"சரி சாமி," என்றாள் தாமரை. பால் ஊறிய புத்தகத்தில் அமிலத்தைப் பற்றி ஒரு பாடம் இருந்தது, அதை அவள் படித்திருந்தாள். "புது டின்னே உடைங்க. நீங்களே கரைங்க. நான் தொடல. ஆனா வெள்ளிக் கிண்டி வேணாம், அந்தச் செம்புக் கிண்டியில இருந்து ஊத்துங்க."

சுவாமிகள் செம்புக் கிண்டியின் வாயைக் கையால் மூடினார்.

"அது… தாய்ப்பாலுக்கு மட்டும் உள்ள தீர்த்தம், மகளே. மாத்தினா தெய்வக் குத்தம்."

"சுத்தமான பால தீர்த்தம் என்ன செய்யும் சாமி?" என்றான் ரிஷி. "எங்க ஃபேக்டரில ரெண்டு கையுறைக்கு ரெண்டு தண்ணி ஊத்திப் பார்க்க மாட்டோம். எல்லாத்துக்கும் ஒரே தண்ணிதான்." அவனே டின்னை எடுத்து உடைத்தான்.

சுகுமாறன் மைக்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். விவரம் தெரிந்தவர்.

குகன் மாவைக் கரைத்தான். ரிஷி செம்புக் கிண்டியைச் சாய்த்தான். அபிஷேக டின் பால் கட்டி கட்டியாகத் திரிந்தது. அடுத்து, முப்பத்தெட்டாம் நம்பர்காரர் தன் மனைவியின் பாலை நீட்டினார். அதில் வெள்ளிக் கிண்டித் தீர்த்தம். பால் பாலாகவே இருந்தது. குகன் செம்புக் கிண்டியை முகர்ந்தான். விரலால் தொட்டு நக்கினான். முகம் சுளித்தது.

"எலுமிச்சம்பழ ஜூஸ் லா!"

பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், சுங்கை வேயில் குடியிருக்கும் கமலநாதன், கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "அடப்பாவி! நீ பக்கிரிசாமி தானே? பைப் தண்ணில ரெண்டு சொட்டு விட்டு, 'பாருங்க அங்கிள், தண்ணி காப்பி கலருக்கு மாறிடுச்சு'ன்னு என் தலையில ஃபில்டர் கட்டினவன் தானே? அது இன்னும் ஒழுகுது!"

தண்ணீரைக் குற்றவாளியாக்கி ஃபில்டர் விற்றவர், இப்போது தாய்மாரைக் குற்றவாளியாக்கி டின் விற்கிறார். தொழிலில் முன்னேற்றம்தான்.

"சயின்ஸ் வேற, ஆன்மிகம் வேற, பாஸ்…" என்று பக்கிரிசாமி பின்வாசல் பக்கம் நகர்ந்தார். அங்கே குகன் நின்றிருந்தான். மகள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் கத்தவில்லை.

"உன் பேச்சக் கேட்டு என் பொண்டாட்டி நிறுத்திட்டா. நெஞ்சுல பால் கட்டிக்கிட்டு காய்ச்சல்ல கிடந்தா. இப்ப சுத்தமா வத்திடுச்சு. தன் பால்ல விஷம் இருந்துச்சுன்னு மூணு வாரமா அழுதுகிட்டு இருக்கா. அத எந்தக் கிண்டில ஊத்திச் சரி பண்ணுவ?"

மகான் குனிந்து அவன் கைக்கு அடியில் நுழையப் பார்த்தார். இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்ள, கிண்டிகளோடு ஊர்வலமாகப் போலீஸ் பாலாயில் ரிப்போர்ட் போடப் போனார்கள். வரிசையில் நின்ற சிலர் மட்டும் கலையவே இல்லை. ஒருவர் தாமரையிடம் கேட்டார்: "அப்ப என் நம்பர் எப்பம்மா வரும்?"

ரிஷி ஃபோனை எடுத்தான். ஸ்பீக்கர் இன்னும் அணையவில்லை. அழுகைச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.

"வாணி… மன்னிச்சிரு. நீ குடுக்கலாம்."

"ரொம்ப நன்றி," என்றாள் வாணி. "நீங்க பொறுன்னு சொன்னப்பவே குடுக்க ஆரம்பிச்சிட்டேன். குடிச்சி முடிச்சிட்டான். தாமரைய அடிச்சீங்கன்னு கேள்விப்பட்டேன்னா வீட்டுக்குள்ள வராதீங்க."

"அடிக்கல. ஓங்கினேன்."

"அதுக்கு ராத்திரி பூரா நீங்கதான் பிள்ளைய நிமித்தி வச்சிருப்பீங்க."

அன்று ராத்திரி யுகேந்திரன் அப்பா தோளில் இரண்டு முறை கக்கினான். இன்னும் கொஞ்ச மாதம் கக்குவான், வளர்ந்தால் நின்றுவிடும். வயிற்றில் தங்காததை வெளியே தள்ளுகிற அறிவு அந்த வயதிலேயே அவனுக்கு இருக்கிறது. மைக்கில் எவன் எதை ஊட்டினாலும் அப்படியே விழுங்கி, ஏப்பம் விட்டு, பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஃபார்வர்ட் பண்ணுகிற பெரியவர்களே, நீங்களும் எப்போதாவது கொஞ்சம் கக்கிப் பழகுங்கள்.