சீமை மிசினுக்கு ஒரு குளியல்

கூச்சப்படுகிறவன் பெரிய தப்பு செய்யமாட்டான் என்று பலர் நினைக்கிறார்கள். செய்வான். யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டே செய்வான்.

எண்பதுகளில் செம்பட்டி ரோட்டில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி தொழிற்சாலை கட்டியது. சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்குத்தான் முதலில் வேலை என்றார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கும் மிசின் துடைக்கிற வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம். அதற்குத்தான் என் தாய்மாமா காத்திருந்தார். "வேல நெரந்தரமாகட்டும் மாப்ளே, அடுத்த முகூர்த்தத்துலயே செல்வியக் கட்டிவச்சுர்றேன்." (செல்வி என்னோடு பேசியதே இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தால்தானே!)

ஐந்தாவது மாதம் ஆயுத பூசை வந்தது. அதற்கு முந்தின நாள் சூப்பர்வைசர் தங்கவேல் அண்ணன், "ஏலே ராசு, சீமையிலருந்து வந்த புது மிசினச் சுத்தமா வச்சிரு" என்று சொல்லிவிட்டுப் பூ வாங்கப் போய்விட்டார். எங்கள் வீட்டில் ஏர், வண்டி, மண்வெட்டி எல்லாவற்றையும் கிணற்றடியில் தேய்த்துக் குளிப்பாட்டிய பிறகுதான் பொட்டு வைப்போம். இதற்கும் அப்படியா என்று கேட்க நாக்கு எழவில்லை. ரப்பர் குழாயை இழுத்து வந்தேன். முதுகு, வயிறு, கக்கம் என்று மாட்டுக்குச் செய்வதுபோல ஒன்று விடவில்லை. பக்கவாட்டில் ஒரு பெட்டி. திறந்தால் உள்ளே கலர் கலராய் ஒயர்கள், ஒரே தூசி. (பாவமே என்று அதற்கு மட்டும் இரண்டு வாளி.) மின்சாரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

மறுநாள் சந்தனமும் மாலையுமாய் மிசின் மாப்பிள்ளைபோல நின்றது. பக்கத்தில் வெள்ளைக்கார இன்ஜினியர், நெற்றியில் திருநீறு, கையில் பொரி. தேங்காய் உடைத்ததும், சம்பிரதாயத்துக்கு ஒரு சுற்று ஓட்ட சுவிட்சைப் போட்டார்கள்.

டமார்!

பொரி பறந்தது. விளக்கெல்லாம் அணைந்தது. பெட்டியிலிருந்து சாம்பிராணியைத் தோற்கடிக்கும் புகை. பிறகு மிசினின் அடிவயிற்றிலிருந்து தண்ணீர் மெதுவாகக் கிளம்பி துரையின் பூட்சைச் சுற்றி நின்றது. அத்தனை பேரும் அதையே பார்த்தோம்.

"யாருலே தண்ணி ஊத்துனது?" தங்கவேல் அண்ணனுக்குக் குரல் கீச்சிட்டது.

மௌனமாக இருந்தால் அவர் தலைதான் உருளும். வாழ்க்கையில் முதல் முறையாகக் கூட்டத்தில் வாய் திறந்தேன்.

"நாந்தாண்ணே. மாடு குளிப்பாட்டுற மாதிரிதான்... சோப்புகூடப் போடல."

அண்ணன் அதை இங்கிலீசில் சொல்லச் சொல்ல, துரையின் முகம் சிவந்தது, அப்புறம் வெளுத்தது. கடைசியில் சன்னலுக்கு வெளியே, வாடிக் கிடந்த செடிகளைக் காட்டி ஏதோ சொன்னார்.

"அம்புட்டு ஆசையா இருந்தா அதுகளுக்கு ஊத்துவியாம்" என்றார் அண்ணன். "இனி உள்ள காலு வச்சே, தொலஞ்ச!"

அடுத்த மாதம் தோட்டக்காரனாக நிரந்தரமானேன். மாமாவும் சொல் தவறவில்லை.

போன வருடம் என் மகன் துணி துவைக்கும் மிசின் வாங்கி வந்தான். ஆசையாகத் தொட்டுப் பார்க்கப் போனேன். செல்வி குறுக்கே வந்து நின்றாள்.

"செத்தத் தள்ளி நில்லுங்க. இது தானாவே குளிச்சுக்கிரும்."