ஆற்றைக் கோணலாக்கிய மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நான் சௌக்கியம். உங்கள் அத்தை கொஞ்சம் அதிகப்படியாகவே சௌக்கியம், அதற்குக் காரணமும் நீங்கள்தான். அங்கே நீங்களும் மகளும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் மேலே சண்டைக்கு வருகிறேன்.

ஆறுகளைச் சீர்செய்யும் அலுவலகத்தில் நீங்கள் பெரிய இன்ஜினியர், நான் வேலையை விட்ட தையல்காரன். இருந்தாலும் கேட்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் கரைகளுக்கு நடுவே அளவெடுத்துத் தைத்தாற்போல் நேராக ஓடிய ஆற்றை உடைத்து, வளைத்து, நெளித்து, கல்லையும் மரக்கட்டையையும் உள்ளே போட்டுவிட்டுப் போனீர்களே, இது நியாயமா? வாழ்நாளெல்லாம் கோணல் தையலைப் பிரித்துத் தைத்தவன் வீட்டுக்குப் பின்னாலா இதைச் செய்வது? முன்பெல்லாம் தண்ணீர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இப்போது ஒவ்வொரு வளைவிலும் நின்று, திரும்பிப் பார்த்து, கடைத்தெருவுக்குப் போன உங்கள் அத்தை மாதிரி வீடு திரும்ப மனசில்லாமல் போகிறது. கரையில் புல், புல்லுக்குப் பூச்சி, பூச்சிக்குத் தவளை, தவளைக்குக் கொக்கு என்று விருந்தாளிகள் வந்த வண்ணமாக இருக்கிறார்கள்.

ஆகவே, ஆற்றைப் பழையபடி நேராக்கித் தரச்சொல்லி மனு கொடுப்பதா வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருச் சங்கம் கூடுகிறது. தெரு சரிபாதியாகப் பிரிந்து நிற்கிறது. தலைவர் என்ற முறையில் கடைசிக் கை என்னுடையது. நேராக்கச் சொல்லித்தான் தூக்கப்போகிறேன். உங்கள் வேலை வீணாகும் என்று தெரியும். மகளை நீங்கள்தான் சமாதானப்படுத்த வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லுமுன். ஆற்றில் கிடந்த கல்லும் கட்டையும் உங்கள் ஆட்கள் வேலை முடிந்து அள்ளாமல் விட்டுப்போன மிச்சம் என்றுதான் முதலில் நான் நினைத்தேன். சரி, நம்ம மாப்பிள்ளை பேர் கெடக்கூடாதே என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, கட்டையை இழுத்து எங்கள் தோட்டத்துப் பின்சுவரில் சாத்திவிட்டு, தூக்க முடிந்த கல்லையெல்லாம் கரையோரமாக, சட்டைக்குப் பொத்தான் வைக்கிற மாதிரி, சம இடைவெளியில் வரிசையாக வைத்தேன். பார்க்க அவ்வளவு லட்சணம்! மறுநாள் காலையில் டீ தம்ளரோடு ஆற்றங்கரைக்குப் போன உங்கள் அத்தை போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் பறந்துவிட்டது. என்னவென்றால், அந்தக் கட்டையடியில் ஒரு மீன் குடியிருந்ததாம், அதற்குக் குண்டன் என்று பேராம், தினமும் இவள் போய் நலம் விசாரிப்பாளாம், இப்போது ஆளைக் காணோமாம்.

"கல்லும் கட்டையும் கிடந்தாத்தான் அதுக்குப் பின்னால தண்ணி மெதுவாச் சுத்தும், பள்ளமாகும், நிழலா இருக்கும், மீன் ஒதுங்கும். நீங்க எடுத்துட்டீங்க, இப்ப தண்ணி தலைதெறிக்க ஓடுது. பாவம், அது எங்க நிக்கும்? மாப்பிள்ளை போன்ல எவ்வளவு பொறுமையாச் சொன்னாரு தெரியுமா!"

ஓஹோ, எனக்குத் தெரியாமல் போன் வேறு! அப்புறம் என்ன, மறுபடி இறங்கினேன். கட்டையைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு ஒவ்வொரு கல்லாகத் தூக்கி வைக்கிறேன், கரையில் நின்றுகொண்டு இவள் "ஊஹூம், இன்னும் கோணலா! அய்யோ, இப்பவும் வரிசையாத்தான் இருக்கு, உங்களுக்குக் கோணலா வைக்கவே வராதா?" என்று உயிரை வாங்குகிறாள். ஒரு வேலையை ஒழுங்காகச் செய்ததற்கு நான் திட்டு வாங்கியது வாழ்க்கையில் அன்றைக்குத்தான். கடைசியில் அவளே இறங்கிவிட்டாள். வழுக்கினாள், பிடிக்கப் போனேன், ரெண்டு பேரும் தொபுக்கென்று விழுந்தோம். ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரிச்சோம் மாப்பிள்ளை, சிரிச்சு சிரிச்சு எழுந்திருக்கவே முடியலை. கடையை மூடினதிலிருந்து நாங்க ரெண்டு பேரும் வீட்டுல பேசிக்க விஷயமே இல்லாம கிடந்தோம். அன்னைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. ரெண்டு நாள் கழிச்சுக் குண்டனும் வந்துட்டான், கூட நாலைஞ்சு பேரைக் கூட்டிக்கிட்டு. நான் கை தட்டினது உண்மைதான்.

ஆனால் அதற்காக என் முடிவு மாறாது. கோணல் கோணல்தான்.

பேரனுக்கு என் முத்தங்கள். மகளுக்கு ஆசிகள். ஆற்றைத் தவிர நீங்கள் தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் கூட்டம் வந்துவிட்டது. மாடிவீட்டு வக்கீல் எழுந்து, "ஆறுன்னா தண்ணி போறதுக்குத்தானே? அதுல கல்லு எதுக்கு, கட்டை எதுக்கு?" என்று என் பக்கம்தான் பேசினார். எனக்கு வந்ததே கோபம்! "தண்ணி மட்டும் போனா அதுக்குப் பேரு குழாய் சார்!" என்று ஆரம்பித்தவன், பள்ளம், மேடு, நிழல், மீன் என்று மூச்சுவிடாமல் பேசி, ஆற்றை இப்படியே விடச்சொல்லி இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். மனு செத்தது. வக்கீல் என்னோடு பேசுவதில்லை. அது கிடக்கட்டும். எங்கள் தோட்டத்துப் பின்சுவரை எடுத்துவிட்டால் ஆறு உள்ளே வந்து இன்னொரு வளைவு வளைந்துவிட்டுப் போக இடமிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் அத்தைக்கும் பரம சம்மதம். சீக்கிரம் ஆள் அனுப்புங்கள், நாங்கள் இன்றைக்கே இடிக்க ஆரம்பித்துவிட்டோம்.