பயணியின் எடை

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் அனைவரும் நலம், தங்கள் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. உங்கள் தங்கை போனபின் இந்த வீட்டில் அனைவரும் என்றால் நான் ஒருவன்தான். அந்த ஒருவனும் நலமாக இல்லை. ஆகவே உங்கள் நலம் அறிய மட்டும் ஆவல். இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் கிழித்துவிடவும். உங்கள் மருமகள், அதாவது என் மகள், கண்ணில் மட்டும் பட்டுவிடக் கூடாது.

அவள் படகு வடிவமைப்புப் படிக்கப் போகிறாள் என்றபோது நீங்கள் கேட்டது எனக்கு மறக்கவில்லை. "கப்பல்னாலும் பரவாயில்ல மாப்பிள்ளை, படகு செய்யறதுக்கா யுனிவர்சிட்டி?" என்றீர்கள். எனக்கும் அப்போது அதே சந்தேகம்தான். முதல் வருடம் போய்ப் பார்த்தபோது, நீண்ட மேசையில் ஒரு மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து, அது நழுவாமல் இருக்க மேலே ஈயக் கட்டிகளை வைத்து, அதன் ஓரமாகப் பென்சில் ஓட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வருடம் எடை ஆய்வாளராகக் கடைத் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை வைத்தவன் புத்தி எங்கே போகும், "இதுல முத்திரை எங்கம்மா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்காமல், "அப்பா, இது எடை போடறதுக்கு இல்ல, வளைவு கலையாம இருக்கறதுக்கு" என்றாள். அன்றைக்கே இந்தப் படிப்பின் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இறுதியாண்டில் ஒவ்வொரு மாணவரும் தான் வரைந்த சிறு படகைத் தானே கட்ட வேண்டும். இரண்டு பேர் உட்காரும் படகு. முன்னால் மாணவர், பின்னால் ஒரு பயணி. பயணிக்குப் படகைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்கக் கூடாது என்பது விதி. அந்தத் தகுதி எனக்கு முழுமையாக இருந்தது. மரம், ஆணி, பெயின்ட், மாணவர், பயணி என்று எல்லா எடையையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டி, தண்ணீர் எதுவரை ஏறும் என்று கணக்கிட்டு, படகைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டுவிடுவார்கள். தேர்வன்று இருவரும் ஏறி உட்கார்ந்தால் தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். அரை விரல் தப்பினாலும் அந்த வருடம் போச்சு. போன வருடமே என் எடையைக் கேட்டாள். எண்பத்திரண்டு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அப்போது அது உண்மைதான்.

அதற்குப் பிறகுதான் மச்சான், பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "வீட்டுல வேற யாராவது இருக்காங்களா?" என்றார். இல்லை என்றேன். அவர் சொன்னதை இங்கே எழுதக் கை வரவில்லை, நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். வாராவாரம் எடை பார்த்து ஒரு சீட்டில் எழுதுவார்கள். கடைசியாக அறுபத்து நான்கு. அதற்குப் பிறகு மூன்று வாரமாக நான் போகவில்லை. அந்த ஆஸ்பத்திரித் தராசின் முத்திரை காலாவதியாகிவிட்டது, அதை நம்ப முடியாது. சரி, உங்களிடம் என்ன மறைப்பு? பயமாக இருக்கிறது, அதனால்தான் போகவில்லை.

அவளிடம் சொல்லலாமே என்பீர்கள். அம்மா படுத்தபோது படிப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்து ஒரு வருடம் இழந்தவள் அவள். எனக்காக இன்னொரு வருடம் இழக்க விடமாட்டேன். ஆனால் சொல்லாமல் அறுபத்து நான்கு கிலோவாகப் போய் உட்கார்ந்தால் படகு கோட்டுக்கு மேலே மிதந்து அவள் தோற்றுவிடுவாள். ஆக, மிச்சம் பதினெட்டு கிலோவை நான் எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். தெருமுனைக் கடைக்காரர் புதுத் தராசு வாங்கிய பிறகு மூலையில் போட்டிருந்த ஒரு கிலோ எடைக்கற்கள் பதினெட்டைக் கேட்டு வாங்கினேன். சோதித்ததில் ஒன்று இருபது கிராம் குறைவு. பழைய நாளாக இருந்தால் கடைக்காரர் மேல் வழக்கே போட்டிருப்பேன். இப்போது ஒரு பூட்டுச் சாவியைச் சேர்த்துச் சரிக்கட்டிவிட்டேன். தையல்காரரிடம் பதினெட்டுப் பை வைத்துக் கையில்லாத உள்சட்டை கேட்டதற்கு, "ஏன் சார், வித்தை ஏதும் காட்டப் போறீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகுகிறேன். கீழ்வீட்டு அம்மா நேற்று மேலே வந்து, "பீரோவையா இழுக்கறீங்க?" என்று கேட்டார். "இல்லம்மா, நான்தான் நடக்கறேன்" என்றேன். இரண்டு சுற்றுக்கு மேல் முடியவில்லை, மூச்சு வாங்குகிறது.

உங்களிடம் கேட்பது இரண்டே உதவி. சனிக்கிழமை படகுத்துறைக்கு வந்து, தேர்வு முடிந்ததும் என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துக் கரையேற்றிவிடுங்கள். தண்ணீரில் விழுந்தால் எனக்கு நீந்தத் தெரியாது, தெரிந்தாலும் இரும்பு விடாது. மிதவைச் சட்டை ஒன்று கொடுப்பார்களாம்; அதுவும் இரும்பும் என்னை ஆளுக்கொரு பக்கம் இழுத்துச் சண்டை போட்டுக்கொள்ளட்டும். இரண்டாவது, அவள் தேறிய பிறகு என் நோயைப் பற்றி நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், நன்றாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

தங்கள் அன்புள்ள
மாப்பிள்ளை
(82 கிலோ, சனிக்கிழமை வரை)

பி.கு.: மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தைத் தபாலில் போட மறந்துவிட்டேன், சனிக்கிழமையும் போய்விட்டது. புதிதாக எழுதத் தெம்பில்லாததால் இதிலேயே தொடர்கிறேன்.

நான் பின்பலகையில் உட்கார்ந்ததும் சிவப்புக் கோடு தண்ணீருக்குள் போய்விட்டது. பேராசிரியர் குனிந்து பார்த்தார். மகள் படகைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அப்பா, சட்டைக்குள்ள என்ன?"

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். அந்த நேரம் பார்த்து வயிற்றுப் பக்கம் இரண்டு கற்கள் மோதிச் சத்தம் போட்டன.

ஒவ்வொன்றாக எடுத்துத் துறைப்பலகையில் வைத்தாள். பேராசிரியர் வாய்விட்டு எண்ணினார். பதினெட்டும் போனதும் படகு எழுந்து, தண்ணீர் சரியாகக் கோட்டில் நின்றது.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"போன தடவை வந்தப்போ கட்டில்ல என் பக்கத்துல உக்காந்தீங்க. மெத்தை எறங்கவே இல்லப்பா. அப்புறம் அலமாரியில சீட்டத் தேடிப் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுத் துடுப்பைப் பிடித்தபடி அழுதாள். நானும் அழுதேன். படகு ஆடியது. பேராசிரியர், "ரெண்டு பேரும் கொஞ்சம் அசையாம அழுங்க, இன்னும் அளந்து முடியல" என்றார்.

தேறிவிட்டாள். பிறகு அவளுடைய எடைத்தாளைப் பார்த்தேன். பயணி என்ற இடத்தில் 82 அடிக்கப்பட்டு, 64 என்று எழுதி, அதையும் அடித்து 61 என்று போட்டிருந்தது. வாரம் ஒரு கிலோ குறைவதைச் சீட்டில் பார்த்து, தேர்வு நாளில் நான் எவ்வளவு இருப்பேன் என்று கணக்குப் போட்டு, மூன்று வாரத்துக்கு முன்பே அந்தக் கோட்டை வரைந்திருக்கிறாள். பட்டறைத் தராசில் ஏறி நின்றேன். முத்திரை நடப்பில் இருக்கும் நல்ல தராசு. அறுபத்தொன்று.

இத்தனை வருடம் தராசு பார்த்தவன் சொல்கிறேன் மச்சான், இவ்வளவு சரியான கணக்கை நான் பார்த்ததே இல்லை. பாவி மகள், ஒரு கிலோவாவது தப்பாகப் போட்டிருக்கக் கூடாதா?